டீசலா, பெற்றோலா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கார் எடுக்க முன் போட வேண்டிய கணக்கு

கார் எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், "டீசலைப் பாரு மச்சான், எண்ணெய்ச் செலவு பாதிதான்" என்று நாலு பேராவது சொல்வார்கள். ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. 2021 ஜூன் மாத விலையேற்றத்துக்கு முன்பு 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 137 ரூபாய், ஓட்டோ டீசல் என்கிற சாதாரண டீசல் 104 ரூபாய். லீற்றருக்கு 33 ரூபாய் இடைவெளி, அதோடு டீசல் எஞ்சின் ஒரு லீற்றரில் கூடத் தூரம் ஓடும், ஆகவே இரண்டு பக்கத்தாலும் லாபம். 2022 இல் அந்த இடைவெளி உடைந்தது. அந்த வருடம் ஜூன் கடைசியில் பெற்றோல் 470, டீசல் 460. பிறகு விலை இறங்கியது, ஆனால் பழைய இடைவெளி திரும்பி வரவில்லை. 2025 இல் பெற்றோல் 300 ரூபாயைச் சுற்றியும் டீசல் 280 ரூபாயைச் சுற்றியும் நின்றன. அறிவுரை சொல்கிற அண்ணன்மார் கார் எடுத்த காலத்து விலை வேறு, இன்றைக்கு உங்கள் முன்னால் இருக்கிற விலை வேறு.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதம் 1,500 கிலோமீற்றருக்குக் குறைவாக ஓடுகிற, பாரம் ஏற்றாத குடும்பத்துக்கு இந்தப் பக்கத்தில் டீசல் கார் தேவையில்லை. அதற்கு மேல் ஓடுகிறவர், வாடகைக்கு விடுகிறவர், வயலுக்கும் மில்லுக்கும் மூட்டையோடு போய் வருகிறவர், இவர்களுக்குக் கணக்கு மாறும். எப்படி மாறுகிறது என்பதைக் கீழே படிப்படியாகப் போட்டிருக்கிறேன். என்னை நம்ப வேண்டாம், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

முதல் படி: புறோக்கரிடம் பேச முன் உங்கள் ஓட்டத்தை எண்ணுங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. "நான் நல்லா ஓடுவேன்" என்பது ஒரு எண் இல்லை. இப்போது மோட்டார் சைக்கிளோ பழைய காரோ இருந்தால் இரண்டு கிழமைக்கு மீற்றரைக் குறித்து வையுங்கள். எதுவுமே இல்லையென்றால் கூகுள் வரைபடத்தில் வீடு, வேலை, பிள்ளைகளின் பாடசாலை, டியூஷன், அம்மா வீடு எல்லாவற்றையும் அளந்து மாதக் கணக்காக்குங்கள்.

எங்கள் ஊர்களின் தூரங்கள் எப்படிப்பட்டவை என்று யோசித்துப் பாருங்கள். கல்லடியில் இருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போகிறவர், காத்தான்குடிக்குள்ளேயே கடை வைத்திருக்கிறவர், சாய்ந்தமருதில் இருந்து கல்முனைக்கு வேலைக்குப் போகிறவர், இவர்களின் ஒரு நாள் ஓட்டம் பத்துப் பதினைந்து கிலோமீற்றரைத் தாண்டாது. மாதம் 500, 600 வந்தால் பெரிய விஷயம். டவுனில் இருந்துகொண்டு மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குப் படிப்பிக்கப் போகிற ஆசிரியருக்கு ஒரு பக்கம் 20 கிலோமீற்றர் என்றால், 22 வேலை நாளுக்கு 880, வீட்டு ஓட்டம் ஒரு 200, ஏறக்குறைய 1,100. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் சுமார் 40 கிலோமீற்றர், அதைத் தினமும் போய் வந்தால் மட்டும் 1,700 கிட்ட வந்துவிடும். கொழும்புக்குப் போய் வந்தால் 600 கிலோமீற்றருக்கு மேல், ஆனால் வருடத்தில் எத்தனை தரம் உங்கள் காரில் போகிறீர்கள்? மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிற வீடு என்றால் அடிக்கடி இருக்கும், அதைக் கட்டாயம் சேருங்கள். கல்யாணத்துக்குப் போகிறதற்காக வருடத்தில் ஒருக்கா ஓடுகிற ஓட்டத்தை வைத்து எஞ்சினைத் தெரிவு செய்ய வேண்டாம்.

ஒரு எண் கையில் கிடைத்த பிறகு அடுத்ததுக்குப் போகலாம்.

இரண்டாம் படி: ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு

சுலபமான வகுத்தல்தான். இன்றைய எண்ணெய் விலையை, அந்தக் கார் உண்மையாகத் தருகிற லீற்றருக்கான கிலோமீற்றரால் வகுக்க வேண்டும். பெற்றோல் 300, 1500 சிசி கார் ஒன்று ஊரிலும் நெடுந்தூரத்திலும் கலந்து 13 தருகிறது என்று வைத்துக்கொள்வோம், கிலோமீற்றருக்கு 23 ரூபாய். டீசல் 280, அதே அளவு டீசல் கார் 16 தருகிறது, கிலோமீற்றருக்கு 17 ரூபாய் 50 சதம். வித்தியாசம் 5 ரூபாய் 50 சதம் அளவில். பாதி இல்லை, கால்வாசிக்கும் கொஞ்சம் குறைவு.

இப்போது ஓட்டத்தால் பெருக்குங்கள். மாதம் 600 ஓடுகிறவருக்கு மிச்சம் 3,300 ரூபாய், வருடத்துக்கு 39,600. மாதம் 2,000 ஓடுகிறவருக்கு 11,000, வருடத்துக்கு 132,000. இதில் டீசலுக்கான மேலதிகப் பராமரிப்பைக் கழிக்க வேண்டும், அது ஏன் என்று பிறகு சொல்கிறேன், இப்போதைக்கு வருடத்துக்கு 25,000 என்று எடுப்போம். 600காரருக்கு மிஞ்சுவது 14,600. 2,000காரருக்கு 107,000.

ஒரே நிலையில் உள்ள, ஒரே வருடத்து இரண்டு கார்களில் டீசலுக்கு 6 லட்சம் கூடக் கேட்கிறார்கள் என்றால், 600 ஓடுகிறவர் அந்தக் காசை எடுக்க நாற்பது வருடம் வேண்டும். 2,000 ஓடுகிறவர் ஐந்தரை வருடத்தில் எடுத்துவிடுவார். 1,500 ஓடுகிறவருக்கு எட்டு வருடம் போகும், அதனால்தான் என் கோட்டை அங்கே போட்டேன். அதற்குக் கீழே மனதுக்குத்தான் லாபம், பைக்கு இல்லை.

லீசிங்கில் எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்தக் கூடுதல் 6 லட்சத்துக்கும் வட்டி ஓடும். வருடத்துக்கு 15 வீதம் என்று பார்த்தாலே முதல் வருடம் 90,000 கிட்ட. 600 கிலோமீற்றர் ஓடுகிற ஒருவர் எண்ணெயில் 39,600 மிச்சம் பிடிப்பதற்காக வட்டியில் 90,000 கட்டுகிறார். எண்ணெய் அடிக்கும்போது காசு கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரிகிறது, லீசிங் தவணைக்குள் ஒளிந்திருக்கிற வட்டி தெரிவதில்லை, அதனால்தான் நல்லாப் படித்த ஆட்களும் இதில் விழுகிறார்கள்.

மேலே நான் போட்ட 13, 16 எல்லாம் உதாரணம். காரின் சொந்தக்காரர் சொல்கிற கணக்கையும் டாஷ்போர்டில் தெரிகிற கணக்கையும் அப்படியே எடுக்க வேண்டாம். அதே மாடல் கார் வைத்திருக்கிற உறவினர் யாராவது இருந்தால் டாங்கை நிரப்பச் சொல்லுங்கள், மீற்றரைக் குறித்து ஒரு 300 கிலோமீற்றர் ஓடிய பிறகு அதே எண்ணெய்ச் செட்டில் திரும்ப நிரப்பச் சொல்லுங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் தரம் அடித்த லீற்றரால் வகுத்தால் வருவதுதான் உண்மை. ஏசி போட்டு, காத்தான்குடி பிரதான வீதி நெரிசலுக்குள்ளும் போய் வந்த கணக்காக இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் படி: சந்தையில் உண்மையில் என்ன இருக்கிறது

டீசலா பெற்றோலா என்ற கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. எங்களுடைய பாவித்த கார் சந்தையில் டீசல் "கார்" என்றால் பெரும்பாலும் சிஈ106, சிஈ110, சிஈ121 மாடல் டொயோட்டா கொரொல்லாக்கள், அந்தக் காலத்து நிசான் சன்னிகள், பிறகு டாட்டா இண்டிகா மாதிரிச் சில இந்தியக் கார்கள். ஜப்பானில் கொரொல்லாவின் டீசல் வகை 2000களின் நடுப்பகுதியோடு நின்றுவிட்டது. இந்தியாவில் மாருதி சுசுகி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களையே கைவிட்டது. இலங்கையிலோ இறக்குமதி உற்பத்தி வரி எஞ்சின் சிசியைப் பார்த்துத்தான் போடப்படுகிறது, டீசலுக்கு ஒரு சிசிக்கான வரி பெற்றோலைவிட அதிகம். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்த பிறகும் சின்ன டீசல் கார்கள் வந்து குவியாததற்கு இவையெல்லாம் காரணம்.

ஆகவே உங்கள் தெரிவு பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயசான ஒரு டீசல் காருக்கும் பத்து வயசுப் பெற்றோல் காருக்கும் இடையில்தான் இருக்கும். பழைய டீசல் விலை குறைவாகக்கூட இருக்கலாம், அப்போது என் 6 லட்சக் கணக்கு தலைகீழாகும், சரிதான். ஆனால் அந்தக் குறைந்த விலையோடு பழைய ரேடியேட்டர், பழைய வயரிங், துருப்பிடித்த அடிப்பாகம் எல்லாம் சேர்ந்தே வரும். தொண்ணூறுகளின் கார்கள் பலவற்றில் எயார்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. இரவில் மாடுகள் படுத்துக் கிடக்கிற ஏ4, ஏ15 வீதிகளில் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடப் போகிற கார் என்றால் இதை எண்ணெய்க் கணக்குக்கு முன்னால் வைத்து யோசியுங்கள். என் குடும்பத்துக்கு நான் அப்படித்தான் யோசிப்பேன்.

நாலாம் படி: இரண்டு எஞ்சினும் எங்கே காசு கேட்கும்

பெற்றோல் எஞ்சினில் எண்ணெயும் காற்றும் கலந்து உள்ளே போகும், பிளக் பொறி கொடுத்துப் பற்ற வைக்கும். டீசலில் பிளக் பொறி இல்லை. காற்றை மட்டும் கடுமையாக அழுத்தி, அந்த அழுத்தத்தின் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறது. அழுத்தம் கூட என்பதால் எரிபொருளில் இருந்து கூடுதல் வேலை வாங்க முடிகிறது, ஒரு லீற்றர் டீசலுக்குள் இருக்கிற சக்தியும் பெற்றோலைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூட. மைலேஜ் கூட வருவதற்கு இந்த இரண்டும்தான் காரணம். அதே அழுத்தத்தால்தான் டீசல் எஞ்சினின் உறுப்புகள் பாரமாகவும் விலையாகவும் இருக்கின்றன.

டொயோட்டாவின் பழைய 2சி, 3சி மாதிரி டீசல் எஞ்சின்கள் எளிமையானவை. பம்பும் இன்ஜெக்டரும் இயந்திர வேலை, ஊரில் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் கழற்றிப் பூட்டுவார். இந்த எஞ்சின்கள் சூடு தாங்காதவை, அதிலும் டர்போ போட்டவை. ரேடியேட்டர் அடைத்தோ தண்ணீர் குறைந்தோ ஒருக்கா கொதித்துவிட்டால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வெடித்துவிடும். எங்கள் சித்திரை வெயிலில் ஏசியோடு ஓடுகிற பழைய டீசலுக்கு ரேடியேட்டர்தான் உயிர். டைமிங் பெல்டும் உண்டு, அது எப்போது மாற்றப்பட்டது என்று யாருக்கும் தெரியாவிட்டால் வாங்கிய கிழமையே மாற்றிவிடுங்கள்.

1கேடி, 2கேடி மாதிரிப் புதிய தலைமுறை எஞ்சின்கள், அதாவது கேடிஎச் வேன், ஹைலக்ஸ், பிராடோ எல்லாம் கொமன் ரெயில். ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கிறது, இன்ஜெக்டர் கணினிக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறது. நல்லா ஓடும், இழுவை பிரமாதம். ஆனால் டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ போனால் நாலு இன்ஜெக்டரும் கணக்குக் கேட்கும். வாடியில் பரலில் வைத்திருக்கிற டீசலை லான்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்துக்கு ஊற்றுகிற மாதிரி இந்த எஞ்சினுக்கு ஊற்றக் கூடாது. மண்ணெண்ணெய் கலந்த டீசல் அதைவிட மோசம், டீசலுக்கு இருக்கிற வழுவழுப்பு மண்ணெண்ணெய்க்கு இல்லை, பம்பு உள்ளே தேய்ந்துபோகும். ஒயில் மாற்றும்போதும் வித்தியாசம் தெரியும்: 1500 சிசி பெற்றோல் எஞ்சினுக்கு நாலு லீற்றருக்குள் முடிந்துவிடும், 1கேடிக்கு ஏழு லீற்றர் கிட்ட வேண்டும்.

இன்னும் புதிய டீசல்களில் டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டி இருக்கும். அதில் சேர்கிற கரி எரிந்து போக வேண்டுமானால் புகைக்குழாய் நல்லாச் சூடேற வேண்டும், அதற்கு இருபது நிமிடமாவது ஒரே வேகத்தில் ஓட வேண்டும். வீட்டில் இருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில் இருந்து சந்தை, திரும்ப வீடு என்று ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வாகனத்தை ஊருக்குள் மட்டும் ஓடுகிறவர் எடுத்தால் மாதத்தில் சில தரம் பொத்துவில் பக்கமோ வாகரைப் பக்கமோ நீளமாக ஓட்டித்தான் ஆக வேண்டும், அந்த எண்ணெயை யார் தருவார்கள்? கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் இதற்கு நல்லது, ஆனால் அதன் விலை ஓட்டோ டீசலை விடக் கூட, ஆகவே இரண்டாம் படிக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

பெற்றோலுக்குச் செலவே இல்லையா? இருக்கிறது. பிளக், இக்னிஷன் கொயில், த்ரொட்டில் சுத்தம், சிவிடி என்கிற ஓட்டோ கியர் என்றால் அதற்குரிய ஒயிலை நேரத்துக்கு மாற்றுவது. இவை கடுமையான செலவுகள் இல்லை, சிவிடி கியர் பழுதாகினால் மட்டும் கடுமை. இன்னொரு விஷயம், ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்காகச் செய்த விட்ஸ், ஆக்ஸியோ, அல்டோ மாதிரிக் கார்களுக்கு எங்கள் 92 தாராளமாகப் போதும், ஏனென்றால் அங்கே சாதாரணப் பெற்றோலே கிட்டத்தட்ட 90 ஒக்டேன்தான். "95 அடித்தால் எஞ்சினுக்கு நல்லம்" என்று காசைக் கொட்ட வேண்டாம். எரிபொருள் மூடியின் உட்பக்கத்திலோ கைநூலிலோ 95 கேட்டிருந்தால் மட்டும் அடியுங்கள், அப்படியானால் உங்கள் பெற்றோல் கணக்கையும் 95இன் விலையில் போடுங்கள்.

ஐந்தாம் படி: உப்பு, வெள்ளம், தட்டை நிலம்

எழுவான்கரை முழுக்கத் தட்டை. டீசலின் பெரிய பலம் குறைந்த சுற்றில் வருகிற இழுவை, அது மலையேறவும் பாரம் இழுக்கவும்தான் தேவை. செங்கலடியில் இருந்து மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு அடிக்கடி ஏறுகிறவருக்கு அந்த இழுவை பயன்படும். அக்கரைப்பற்றில் இருந்து கல்முனைக்கு நாலு பேரோடு போகிறவருக்கு 1000 சிசி பெற்றோல் போதும்.

கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று டீசல், பெற்றோல் பார்ப்பதில்லை. நாவலடி, கல்லடி, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கம் நின்ற கார் என்றால் கீழே படுத்துப் பாருங்கள், ஜக் வைக்கிற இடம், சைலன்சர், பின் சக்கர வளைவின் உட்பக்கம். மேலே புதுப் பெயின்ட் மினுங்கும், கீழே விரலால் அழுத்தினால் உடையும்.

வெள்ளம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. மாரியில், கார்த்திகை முதல் தை வரைக்கும், எங்கள் பக்கத்தில் எத்தனை வீதி தண்ணீருக்குள் போகும் என்று உங்களுக்குத் தெரியும். "டீசல் தண்ணிக்குள்ள நிக்காது" என்று சொல்வார்கள். பொறி கொடுக்கும் வயர்கள் இல்லாத பழைய டீசல், தெறிக்கிற தண்ணீருக்கு அணையாமல் ஓடும் என்பது உண்மை. ஆனால் காற்று உறிஞ்சுகிற குழாய்க்குள் தண்ணீர் போனால் எந்த எஞ்சினும் தப்பாது, தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ரொட் வளைந்துவிடும், அழுத்தம் கூடிய டீசலில் சேதம் இன்னும் மோசம். டயரின் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றால் எந்தக் காரையும் இறக்க வேண்டாம். உள்ளே நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது, தள்ளி வெளியே எடுத்து கராஜுக்கு ஆள் அனுப்புங்கள். வெள்ளத்துக்காக யோசிக்கிறீர்கள் என்றால் எஞ்சின் வகையை விடத் தரையில் இருந்து எவ்வளவு உயரம், காற்றுக் குழாய் எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

அப்புறம் கராஜ். பழைய டீசல் பம்பு வேலைக்கு எங்கள் பக்கத்தில் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள், உழவு இயந்திரமும் லொறியும் நிறைந்த மாவட்டங்கள் இவை. கொமன் ரெயில் இன்ஜெக்டரைச் சோதிக்கிற இயந்திரம் எல்லாக் கராஜிலும் இருக்காது. நீங்கள் எடுக்கப் போகிற எஞ்சினைச் சொல்லி, உங்கள் மெக்கானிக்கிடம் "இதுக்கு இன்ஜெக்டர் போனால் எங்க கொண்டு போவீங்க?" என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். பதில் கொழும்பு என்று வந்தால் அந்தப் பயணச் செலவும் பராமரிப்புத்தான்.

ஆறாம் படி: டீசல் யாருக்குச் சரி

படுவான்கரையிலோ அம்பாறைப் பக்கத்திலோ ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் செய்கிறவர், விதை நெல்லும் பசளையும் ஆட்களும் ஏற்றி வயல் வரம்பு வரை போகிறவர், அவருக்குக் கார் வேண்டாம், டீசல் கெப் ஒன்று அல்லது பட்டா என்கிற சின்ன லொறி வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிறவர்களைக் கட்டுநாயக்காவுக்கு ஏற்றி இறக்குகிற வேன்காரருக்கு டீசலைத் தவிர வேறு கணக்கு இல்லை, பத்துப் பேரையும் பெட்டிகளையும் ஏற்றி இரவு முழுக்க ஓடுகிற வேலைக்கு அந்த எஞ்சின் பிறந்தது. மாதம் 2,000க்கு மேல் ஓடுகிற விற்பனைப் பிரதிநிதி, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிழமைக்கு மூன்று தரம் போய் வருகிறவர், இவர்களும் டீசலைத் தைரியமாகப் பார்க்கலாம்.

உங்கள் ஓட்டம் 1,000க்கும் 1,800க்கும் இடையில் என்றால், டீசலுக்குப் போக முன் மூன்றாவது வழி ஒன்றைப் பாருங்கள். 660 சிசி வேகன்ஆர், 800 சிசி அல்டோ, அல்லது அக்வா மாதிரி ஹைப்ரிட். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் தருகிற பெற்றோல் கார் ஒன்று கிலோமீற்றருக்கு 15 ரூபாயில் ஓடுகிறது. மேலே நாம் போட்ட டீசல் 17.50. டீசலையே தோற்கடிக்கிறது, அதுவும் கரும்புகை இல்லாமல். ஹைப்ரிட்டில் பற்றரியின் நிலையை ஸ்கான் பண்ணிப் பார்க்காமல் எடுக்கக் கூடாது, பற்றரி மாற்றுகிற செலவு வந்தால் மூன்று நாலு வருட எண்ணெய் மிச்சம் ஒரே நாளில் போய்விடும்.

புகை என்றதும் ஒன்று. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியது. பாடசாலை விடுகிற நேரத்தில் வாசலில் ஸ்டார்ட்டில் நிற்கிற பழைய டீசல் வேனின் பின்னால் எங்கள் பிள்ளைகள்தான் நிற்கிறார்கள். டீசல் எடுத்தவர்கள் தயவுசெய்து நிற்கும்போது எஞ்சினை நிறுத்துங்கள்.

2022ஐ நினைத்துப் பயந்து "எது தட்டுப்படாது?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்த வருடம் இரண்டுமே தட்டுப்பட்டன. கியூஆர் முறை தொடங்கியபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், எந்த எண்ணெயானாலும் அதுதான். 20 லீற்றரில் யார் கூடத் தூரம் போனார்கள் என்றால் லீற்றருக்குக் கூட ஓடுகிற கார் வைத்திருந்தவர்கள். பங்கீடு 2023 செப்டம்பரில் நீங்கியது, ஆனால் கையில் இருக்கிற லீற்றரில் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பது இன்றைக்கும் நல்ல அளவுகோல்.

ஏழாம் படி: காரைப் பார்க்கப் போகும்போது

காலையில் போங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. "காக்கா, நாங்க வரும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பொனெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டீசல் என்றால் குளிரில் ஒரே தரத்தில் பிடிக்க வேண்டும். பிடித்த உடனே கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பயமில்லை. சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டிருந்தால் இன்ஜெக்டரோ ஹெட்டோ சந்தேகம். நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. மிதிக்கும்போது கரும்புகை தள்ளினால் இன்ஜெக்டர், பம்பு, அல்லது அடைத்த எயார் பில்டர். ஸ்டார்ட்டில் வைத்துக்கொண்டு ஒயில் ஊற்றுகிற மூடியை மெதுவாகத் திறவுங்கள், உள்ளே இருந்து புஸ் புஸ் என்று காற்றும் புகையும் தள்ளினால் பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறந்து, தண்ணீரில் ஒயில் படலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெற்றோலில் ஐடிலில் நடுக்கம், மிதிக்கும்போது தடுமாற்றம், எஞ்சின் விளக்கு. ஸ்டார்ட் பண்ண முன் சாவியைத் திருப்பும்போது எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். ஒரு ஸ்கானர் வைத்திருக்கிற ஆளைக் கூட்டிப் போவது மிக நல்லது, அவருக்குக் கொடுக்கிற காசு காரின் விலையில் ஒரு துளி.

வெள்ளத்தில் நின்ற காரா என்று இரண்டிலும் பாருங்கள். சீற் பெல்டைக் கடைசி வரை இழுத்தால் அடியில் சேற்றுக் கறை இருக்கும், கார்ப்பெட்டைத் தூக்கினால் மணம் காட்டிக் கொடுக்கும், சீற் போல்ட்டில் துரு இருக்கும்.

எட்டாம் படி: பேப்பர்

பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் வகை என்ன போட்டிருக்கிறது, எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் காரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று நின்று பாருங்கள். பெற்றோல் காருக்குள் டீசல் எஞ்சினை ஏற்றிய பழைய கார்கள் இன்னும் ஓடுகின்றன. அந்த மாற்றம் புத்தகத்தில் ஏறியிருக்காவிட்டால் கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்க வேண்டாம், விபத்து நடந்தால் காப்புறுதியில் பிரச்சினை வரும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் பினான்ஸ் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் முடிந்த கடிதம் இல்லாமல் முற்பணம் கொடுக்கக் கூடாது. ஓபன் பேப்பரில், அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமல் கையெழுத்தோடு மட்டும், நாலு கை மாறிய கார் என்றால் பதிவு உரிமையாளரைக் கண்ணால் காணாமல் காசைக் கொடுக்காதீர்கள்.

புகைச் சான்றிதழை நீங்களே நிற்கும்போது புதிதாக எடுத்துத் தரச் சொல்லுங்கள், இது நல்ல சோதனை. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடா வருடம் இது தேவை. டீசலுக்குப் புகையின் அடர்த்தியையும் பெற்றோலுக்குக் காபன் மொனொக்சைட்டையும் ஹைட்ரோகாபனையும் அளக்கிறார்கள். பழைய டீசல் இங்கே விழுந்தால், பம்பு கலிபரேஷன், இன்ஜெக்டர் வேலை எல்லாம் உங்கள் தலையில் வரும் முன்பே தெரிந்துவிடும், விலையையும் அதைக் காட்டிப் பேசலாம்.

எடுத்த பிறகு

முதல் கிழமையில் ஒயில், ஒயில் பில்டர், எயார் பில்டர் எல்லாம் மாற்றுங்கள், பழையவர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொன்னாலும். டீசல் என்றால் டீசல் பில்டரையும் சேர்த்து. அதன் அடியில் தண்ணீர் வடிக்கிற குமிழ் இருக்கும், மாரிகாலத்தில் அடிக்கடி திறந்து வடியுங்கள். ஓட்டம் உள்ள செட்டில் எண்ணெய் அடியுங்கள், பவுசர் இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அடிக்க வேண்டாம், அடியில் கிடக்கிற கசடும் தண்ணீரும் அப்போதுதான் கலங்கும்.

வீட்டில் இரண்டு வாகனம், ஒன்று டீசல் ஒன்று பெற்றோல் என்றால் மூடியின் உட்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். டீசல் காருக்குப் பெற்றோல் அடித்துவிட்டால் சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம், பல கார்களில் சாவி போட்டவுடன் பம்பு ஓடத் தொடங்கும். செட்டுக்காரத் தம்பியிடம் சொல்லி ஓரமாகத் தள்ளி, டாங்கை முழுக்க வடித்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.